நம்மட கடலால் போன நொட்டிலஸ்

 பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வேர்ண் 1905ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி, 77 வயதில், பிரான்சின் அமியான் நகரில் காலமானார். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அவரை ‘எதிர்காலத்தை முன்கூட்டியே கண்டவர்’ என்று எழுதித் தள்ளுவார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் பெரிய உடன்பாடு இல்லை. நீர்மூழ்கி அவர் கண்டுபிடித்ததல்ல. 1800இலேயே ரொபட் ஃபுல்டன் பிரான்சில் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டிவிட்டார். வேர்ணின் நாவலில் வரும் நீர்மூழ்கியைப் போலவே அதன் பெயரும் நொட்டிலஸ்தான். வேர்ணின் கெட்டித்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. மேசையில் வரைபடத்தையும் நாலைந்து பயண நூல்களையும் விரித்து வைத்துக்கொண்டு, தான் காணாத கடலில் பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), மைல், ஆழம் எல்லாம் கொடுத்துக் கப்பல் விடுவார். கணக்குக் காட்டுகிற எழுத்தாளரிடம் கணக்குக் கேட்கலாம். மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு அப்படிக் கேட்க நல்ல காரணம் இருக்கிறது.

‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை தொடராக வந்தது. இருபதாயிரம் என்பது போன தூரம், ஆழமல்ல. ஒரு லீக் 4 கிலோமீற்றர் என்றால் 80,000 கிலோமீற்றர். கதையின் காலம் 1867–68. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் கப்டன் நீமோவின் நீர்மூழ்கிக் கப்பலான நொட்டிலஸ் வங்காள விரிகுடாவின் வாயிலுக்கு வருகிறது. ஜனவரி 28 நண்பகல் நீர்மட்டத்துக்கு எழும்புகிறது. வட அகலாங்கு 9 பாகை 4 கலை, மேற்கே 8 மைலில் கரை, ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் விசித்திர வடிவங்களில் மலைகள். கதையைச் சொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸ் வரைபடத்தைப் பார்த்து அது இலங்கை என்கிறார். (சில பதிப்புகளில் பெப்ரவரி 28 என்றிருக்கும். முன்பின் திகதிகளைப் பார்த்தால் ஜனவரிதான் சரி.)

கரை மேற்கே தெரிகிறதென்றால் கப்பல் கிழக்குக் கடலில் நிற்கிறது. 9 பாகை 4 கலை என்பது நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் இடைப்பட்ட கரை. அடுத்த நாள் விடிய 4 மணிக்கு நீமோ ஆக்களை எழுப்பி வள்ளத்தில் ஏற்றுகிறபோது நொட்டிலஸ் மன்னார்க் குடாவில் நிற்கிறது, இரவில் மேற்குக் கரை வழியாக மேலே வந்ததாக வேர்ணே சொல்கிறார். வடக்கால் குறுக்கே போக வழியில்லை, இராமர் அணைப் பக்கம் அந்தக் கப்பலுக்குத் தண்ணீர் காணாது. ஆகவே அது தெற்கே இறங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, திருக்கோவில் எல்லாம் தாண்டி, தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் போயிருக்க வேண்டும்.

வரைபடத்தில் அளந்தால் ஏறத்தாழ 420 கடல் மைல். நண்பகல் தொடங்கி விடிய 4 மணி வரை 16 மணித்தியாலம். மணிக்கு 26 கடல் மைல் ஓடினால் சரி. அப்படியானால் பின்னேரம் மூன்றரை மணிபோல கல்லடிக்கு நேரே கடலில், 30 அடி ஆழத்தில் போயிருக்கும். அந்த ஆழம் என் கணக்கல்ல, நாவலில் உள்ளது.

நொட்டிலசால் அந்த வேகம் முடியுமா? நீமோ தரும் விவரம்: சுழலி (கப்பலைத் தள்ளும் விசிறி) 6 மீற்றர் விட்டம், ஒரு சுற்றுக்கு 7.5 மீற்றர் முன்னேற்றம், வினாடிக்கு 120 சுற்று, உச்ச வேகம் மணிக்கு 50 மைல். இது பொருந்தவே பொருந்தாது. 7.5ஐ 120ஆல் பெருக்கினால் வினாடிக்கு 900 மீற்றர், துப்பாக்கி ரவையின் வேகம். ‘வினாடி’யை ‘நிமிடம்’ என்று மாற்றிப் பாருங்கள்: வினாடிக்கு 15 மீற்றர், அதாவது மணிக்கு 29 கடல் மைல். சுழலி தண்ணீரில் வழுக்குவதால் போகும் இழப்பைக் கழித்தால் நமக்குத் தேவையான 26க்குக் கிட்ட வந்து நிற்கும்! 50 மைல் என்ற பெருமையை விட்டுவிட்டால் கப்பல் ஓடும்.

மலைதான் உதைக்கிறது. நாயாறு–கொக்கிளாய்க் கரை தட்டையானது. அங்கே 2,000 அடியில் எதுவும் இல்லை. அப்படியான மலைகள் நம்மட பக்கம்தான். குடும்பிமலை 534 மீற்றர், அதாவது 1,750 அடி. வெள்ளைக்காரன் அதற்குப் பிரபுவின் தொப்பி என்று பெயர் வைத்தான். சியம்பலாண்டுவப் பக்கம் நிற்கும் கோவிந்த ஹெல 558 மீற்றர், 1,830 அடி. இவை தொடராக இல்லாமல் சமவெளியிலிருந்து தனித்தனியாக எழும்பி நிற்பவை. ‘விசித்திர வடிவம்’ என்ற சொல் இவற்றுக்குத்தான் பொருந்தும்.

கடலிலிருந்து தெரியுமா என்பதையும் பார்க்கலாம். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீற்றரில் வரும். நொட்டிலசின் மேல்தட்டு நீருக்கு மேலே 80 சென்ரிமீற்றர் மட்டும். அதில் நிற்பவரின் கண் ஏறத்தாழ 2.4 மீற்றரில், ஆகவே அடிவானம் ஐந்தரைக் கிலோமீற்றர். 8 கடல் மைல் தொலைவில் கரையின் கீழ் 7 மீற்றர் மறைந்துவிடும். மணலும் அலையும் தெரியாது, தென்னையின் தலை மட்டும் தெரியும். 534 மீற்றர் மலையோ 80 கிலோமீற்றருக்கு அப்பாலும் அடிவானத்துக்கு மேலே நிற்கும். அரோனாக்ஸ் முதலில் மலையைக் கண்டார் என்று எழுதியது இந்தக் கணக்கின்படி சரி. ஜனவரியில் வாடைக்காற்றும் மாரி முகிலும் விட்டுவைத்தால்தான் தெரியும், அது வேறு கதை.

இனி என் ஊகம். 9ஐ 7 ஆக்குங்கள். 7 பாகை 4 கலை என்பது திருக்கோவிலுக்குச் சற்றுத் தெற்கே, சங்கமன்கண்டி முனைக்குக் கிட்டிய கடல். மலையும் பொருந்தும், மேற்கே கரையும் பொருந்தும். மன்னாருக்குப் போகும் தூரமும் 290 கடல் மைலாகக் குறைகிறது, மணிக்கு 18 ஓடினால் போதும். வேர்ண் அப்படி நினைத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் இந்தக் கரையில் இருப்பவருக்கு இந்தத் திருத்தம் இனிக்கும்.

இலங்கையைப் பற்றி அரோனாக்ஸ் கப்பல் நூலகத்தில் எடுத்துப் படிப்பது ஹென்றி சார்ள்ஸ் சேர் எழுதிய நூல். அதிலிருந்து தரும் எல்லைகளில் கிழக்கு எல்லை 82 பாகை 4 கலை. இலங்கையின் கிழக்கு அந்தம் உண்மையில் சங்கமன்கண்டி முனை, ஏறக்குறைய 81 பாகை 53 கலை. வித்தியாசம் 11 கலை, இந்த அகலாங்கில் 20 கிலோமீற்றர். அந்த நூலை நம்பினால் அம்பாறை மாவட்டம் கடலுக்குள் 20 கிலோமீற்றர் நீண்டிருக்கும். நல்லவேளை, இந்தப் பிழையால் மாலுமி கரையிலிருந்து தள்ளித்தான் போவான், மோத மாட்டான்.

ஆபத்து இன்னும் தெற்கே. முதல் கணக்குப்படி சங்கமன்கண்டியைப் பின்னேரம் 5 மணியளவில் தாண்டினால், தென்கிழக்குக் கரைக்கு வெளியே கடலில் கிடக்கும் இராவணன் கோட்டைப் பாறைகளுக்கு இரவு ஏழு, ஏழரைக்கு வரும். பெரிய இராவணன் கோட்டையில் வெளிச்சவீடு எரியத் தொடங்கியது 1873இல், சின்னதில் 1878இல். 1868 ஜனவரியில் அங்கே கும்மிருட்டு. 30 அடி ஆழத்தில் ஓடும் கப்பல் வெளியே நன்றாக விலகிப் போயிருந்தால்தான் தப்பியிருக்கும். அந்தப் பயங்கரத்தை வைத்து ஒரு அத்தியாயமே எழுதியிருக்கலாம், மனுஷன் ஒரு வரியில் கடந்துவிட்டார்.

மன்னாரில் முத்துக்குளிக்கும் பகுதியில் வேர்ண் நிதானமாகிறார். கூம்பாகச் செதுக்கிய கல்லைப் பாதத்தால் இறுக்கிக்கொண்டு குளியாளி இறங்குகிறான். கல்லில் கட்டிய கயிறு வள்ளத்தில். நிலத்தைத் தொட்டதும் முழங்காலில் விழுந்து கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பைக்குள் போடுகிறான். ஒரு முங்கல் 30 வினாடி, கிடைப்பது பத்துச் சிப்பி. மிகத் தேர்ந்தவர் 87 வினாடி தாங்குவார் என்றும், அவர்கள் அபூர்வம் என்றும் நீமோ சொல்கிறார். இரண்டு மூன்று நிமிடம் என்று கதைவிடும் பழைய பயணிகளோடு ஒப்பிட்டால் இது நேர்மையான எண். பார்வை மங்கும், உடலில் புண் வரும், கூலி அற்பம் என்பதையும் அவர் விடவில்லை. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று சலாபத்தில் (முத்துக்குளிப்பில்) சம்பளத்துக்கு இருந்த கடல்கட்டி என்ற மந்திரவாதிகளை மட்டும் காணவில்லை. மன்னாரில் தேங்காய் அளவு முத்து வைத்திருக்கும் இராட்சதச் சிப்பி என்பது சுத்தக் கற்பனை. மன்னார்ப் பாரில் (முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டில்) கிடைப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சிப்பி.

நீமோவின் சுவாசக் கருவி ருக்கேரோல், தெனெய்ரூஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர் உண்மையில் செய்த கருவியை வைத்து எழுதியது. 50 வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்தால் ஒன்பது, பத்து மணித்தியாலம் காணும் என்கிறார். 12 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் 2.2 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவருக்குக் கீழே 44 லீற்றர் வேண்டும். ஒன்பது மணித்தியாலத்துக்கு 23,760 லீற்றர், 50 மடங்கு அழுத்தினாலும் 475 லீற்றர் கொள்ளும் உருளை. முதுகில் இரண்டு எண்ணெய்ப் பீப்பாயைவிடப் பெரிசு.

ஆழத்திலும் இதே சிக்கல். கதையில் கிரெஸ்போத் தீவின் கடலடிக் காட்டில் நீமோவும் அரோனாக்சும் 150 மீற்றர் ஆழம் வரை நடக்கிறார்கள். மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் கிடப்பது 53 மீற்றரில். அதற்கு இறங்குகிறவர்களைக் கேட்டால் தெரியும்: அங்கே அழுத்தம் 6.3 மடங்கு, 12 லீற்றர் உருளையில் 200 பார் அடைத்தாலும் மொத்தம் 19 நிமிடக் காற்றுத்தான், அதுவும் ஏறி வரும் நேரத்துக்கு ஒதுக்காமல். நைதரசனால் தலை கிறுகிறுக்கும், ஏறும்போது இடையிடையே நிறுத்தி நிறுத்தி வர வேண்டும். 150 மீற்றரில் சாதாரணக் காற்றின் ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பு வரும். இந்த அழுத்தக் கணக்கைப் பிரெஞ்சு உடலியலாளர் போல் பேர் (Paul Bert) நூலாக விளக்கியது 1878இல். வேர்ணுக்கு அது கிடைக்கவில்லை.

குளியாளியைச் சுறாவிடமிருந்து மீட்ட பிறகு நீமோ அவன் கையில் ஒரு பை முத்தைத் திணித்துவிட்டுப் போகிறான். ஏனென்பது வேர்ணின் பிந்திய நாவல் ‘மர்மத் தீவு’ வந்தபோதுதான் வெளிச்சமாகிறது: நீமோ பந்தேல்கண்ட் இளவரசன், திப்பு சுல்தானுக்கு மருமகன் (உடன்பிறந்தாரின் பிள்ளை) முறை. வேர்ண் முதலில் அவனை ரஷ்யரால் குடும்பம் இழந்த போலந்துக்காரனாக நினைத்திருந்தார், பதிப்பாளர் ஹெற்ஸல் ஒத்துக்கொள்ளவில்லை. நமக்கு அது இலாபம்.

வாசிக்கிறவர்கள் பதிப்பைப் பார்த்து எடுங்கள். மேர்சியர் என்பவரின் பழைய ஆங்கிலப் பதிப்பு ஐந்திலொரு பங்குக்கு மேல் வெட்டியது. உருக்கின் அடர்த்தி தண்ணீரைப்போல் 7.8 மடங்கு என்றிருப்பதை அது .7, .8 என்று போட்டிருக்கிறது, அந்தக் கணக்கில் இரும்பு மிதக்கும். வோல்ட்டர் (F. P. Walter) என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பேர்க் இணையத்தளத்தில் இலவசம், எண்கள் ஒழுங்காக இருக்கும். இரண்டாம் பாகத்தின் இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்கள் இலங்கைக் கடலைச் சுற்றியவை. பக்கத்தில் கடல் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் சுயெஸ் சுரங்கத்தின் கணக்கு இன்னும் பெரிய வில்லங்கம், அதற்குத் தனிப்பதிவு வேண்டும்.