இரவல் போன புத்தகங்களுக்கு ஆக்சஸில் ஒரு ஃபார்ம்

வீட்டுப் புத்தகங்களை யார் யார் வாங்கிப் போனார்கள் என்ற நோட்டுக் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாற்றும் வேலை ஃபார்ம் (விவரங்களைப் பார்த்து நிரப்பும் திரை) வரை வந்துவிட்டது. புத்தகம், ஆள், இரவல் என்று மூன்று டேபிள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சுவாரசியமெல்லாம் இரவல் ஃபார்மில்தான்.

முதலில், புத்தகம் எத்தனை நாளாக வெளியே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு டெக்ஸ்ட் பாக்ஸின் கண்ட்ரோல் சோர்ஸில் (கட்டத்தில் எதைக் காட்டுவது என்று சொல்லும் இடம்) சமக்குறி போட்டு, கொடுத்த தேதிக்கும் திரும்பிய தேதிக்கும் இடையே நாட்களை எண்ணும் டேட்டிஃப் ஃபங்ஷனை எழுதினேன். திரும்பாத புத்தகத்துக்கு இரண்டாவது தேதி காலி, ஆக்சஸ் கணக்கில் 'நல்'. 'நல்' நுழைந்தால் விடையும் 'நல்'தான். எந்தப் புத்தகத்தைத் தேடுகிறோமோ அதற்குத்தான் வெறும் கட்டம்! என்இஸட் ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது: தேதி காலியென்றால் நாம் சொல்லும் மாற்றை, இங்கே இன்றைய தேதியை, எடுத்துக்கொள்ளும். இந்த எண்ணை டேபிளில் சேமிக்கவே கூடாது, நாளைக்கே பழசாகிவிடும்.

கெடு தேதி நேர் எதிர். இப்போது 15 நாள் தவணை. பிறகு 20 ஆக்கினால் பழைய இரவல்களின் கெடு நகரக் கூடாது. அதனால் அதைச் சேமித்தே ஆக வேண்டும். கொடுத்த தேதியின் ஆஃப்டர் அப்டேட்டில் (கட்டத்தை மாற்றியதும் ஓடும் நிகழ்வு) ஆக்சஸின் நிரல் மொழியான விபிஏவில் ஒரே வரி: டேட்ஆட் கொண்டு 15 நாள் கூட்டு, கெடு கட்டத்தில் போடு. ஆனால் கொடுத்த தேதிக்கு டீஃபால்ட் வேல்யூவாக இன்றைய தேதி தானாக வருகிறதே, அப்போது ஆஃப்டர் அப்டேட் ஓடாது. கையால் மாற்றினால்தான் ஓடும். ஆகவே கெடு கட்டத்துக்கும் அதே கூட்டலை டீஃபால்ட்டாக வைத்திருக்கிறேன். 15 இரண்டு இடத்தில் இருப்பது உறுத்துகிறது. தனி டேபிளில் வைத்து, டேபிளிலிருந்து ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் டிலுக்கப்பால் எடுக்க உத்தேசம்.

அப்புறம் நிறம். பல பதிவுகளை வரிவரியாகக் காட்டும் கண்டினியுவஸ் ஃபார்மில் கட்டத்தின் நிறத்தை விபிஏ மூலம் மாற்றினால் எல்லா வரிகளும் சிவக்கும். அங்கே இருப்பது ஒரே கட்டம், வரிக்கு வரி திரும்ப வரையப்படுகிறது, அவ்வளவுதான். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனைக்கு ஏற்ப நிறம் மாற்றும் வசதி) எக்ஸ்பிரஷன் எழுதினால் வரிவரியாகப் பார்க்கும். கெடு இன்றைக்கு முந்தியது, திரும்பிய தேதி காலி என்றால் சிவப்பு. சிவந்த வரிகளில் பாதி சொந்தக்காரர்கள்!

அடுத்து, வெளியே போன புத்தகம், புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் காம்போ பாக்ஸ் பட்டியலிலேயே வராமல் செய்ய வேண்டும்.