கோடை இன்டர்ன்ஷிப்பும் ஒரு வாளி காகிதக் கூழும்

கிராஃபிக் டிசைன் படிக்கிறவர்கள் கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போவது வழக்கம்தான். நானும் போனேன். ஆனால் அதே விடுமுறைக்குள் அடுத்த பருவத்துக்கான கையால் காகிதம் செய்யும் புராஜெக்டையும் முடித்தாக வேண்டியிருந்தது. பகலில் ஒரு சின்ன ஸ்டூடியோ, மாலையில் வாளி நிறையக் கூழ். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே, ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்றுதான் கூடப் படிக்கிறவர்கள் சொன்னார்கள். நல்லவேளை விடவில்லை.

இன்டர்ன்ஷிப் கிடைத்த கதையில் சொல்ல அதிகம் இல்லை. செய்த எல்லாவற்றையும் அள்ளிப் போடாமல் சில வேலைகளை மட்டும் முதல் ஸ்கெட்சிலிருந்து கடைசி வடிவம் வரை காட்டி அனுப்பினேன், நேர்காணலில் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் அந்த நடுப்பக்கங்களைப் பற்றித்தான் இருந்தன. சேரும் முன்பு ரெண்டு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது: உதவித்தொகை உண்டா, அங்கே செய்கிற வேலையைப் பின்னால் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா. ரெண்டாவதைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் வெளிவராத வேலை என்றால் காட்டவே கூடாது, முதலிலேயே தெரிந்துகொண்டால் சங்கடம் மிச்சம்.

லோகோ வரையப் போகிறோம் என்ற கற்பனையோடு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் அச்சுக்குக் கோப்பு தயார் செய்யும் வேலை. ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளுகிற நிறப்பகுதி, 3 மில்லிமீட்டர் விட்டிருக்கிறதா, படங்கள் அச்சாகும் அளவில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) இருக்கிறதா, எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு இல்லாமலே திறக்கிற வெறும் வடிவங்களாக, மாற்றியாயிற்றா, சின்ன எழுத்தில் கறுப்பு என்பது வெறும் கறுப்பு மைதானா அல்லது நாலு நிறமும் கலந்து கிடக்கிறதா. இந்தக் கடைசி விஷயம் திரையில் தெரியவே தெரியாது. நிறத்துக்கு ஒன்றாக உள்ள நாலு பிளேட்டும் அச்சில் மயிரிழை விலகினால் போதும், எழுத்தைச் சுற்றி நிற விளிம்பு வந்துவிடும்.

அங்கே சீனியர் டிசைனராக இருந்த அக்கா எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது கடைசியில எதுமேல வரப்போகுது?" நிறம் நன்றாக இருக்கிறதா, லேஅவுட் சரியா என்பதெல்லாம் அப்புறம். பதில் தெரியாவிட்டால் கோப்பைத் திறக்கக்கூட மாட்டார். எரிச்சலாக இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கூழ் வாளி முன்னால் நின்றபோதுதான் என் புராஜெக்ட் ஒரு வழிக்கு வந்தது.

ஏனென்றால் கைக்காகிதம் செய்ய உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் அழகான தாள் ஒன்றைச் செய்துவிட்டு, அப்புறம் இதில் என்ன அச்சடிக்கலாம் என்று யோசிக்கிறார்கள். பூவிதழ், நூல், மினுமினுப்பு என்று எதையாவது போட்டு, கடைசியில் பேனா வைத்தால் மை ஊறிப் பரவுகிற, பிரிண்டரில் விடவும் முடியாத ஒரு தாள் கையில் இருக்கும். சுவரில் மாட்டலாம். எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது.

அதனால் பின்னாலிருந்து தொடங்கினேன். ஏ5 அளவில் எழுத்துரு மாதிரிப் புத்தகம், தமிழ் எழுத்துகள், ஸ்கிரீன் பிரிண்டில், அதாவது வலைத்திரை வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கும் முறையில். ஏ5 என்றால் 148-க்கு 210 மில்லிமீட்டர். 150 ஜிஎஸ்எம் கனம் வேண்டுமென்றால் ஒரு தாளுக்குக் காய்ந்த எடையில் ஏறக்குறைய 4.7 கிராம் நார் போகும். இது பெரிய கணக்கு ஒன்றும் இல்லை, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பதுதானே ஜிஎஸ்எம். ஆனாலும் முதலிலேயே எடை போட்டு வைத்ததால் எவ்வளவு ஊறப்போட வேண்டும் என்று தெரிந்தது. ஓரளவுக்கு ஒரே கனத்தில் தாள்களும் வந்தன. வாளியிலிருந்து தாள் எடுக்க எடுக்க கூழ் நீர்த்துப்போகும், எடுத்த அளவுக்குத் திரும்பக் கூழ் சேர்க்காவிட்டால் பத்தாவது தாள் முதல் தாளைவிட மெலிந்துதான் இருக்கும்.

நாருக்கு ஸ்டூடியோவின் கழிவுக் காகிதத்தையே கேட்டு வாங்கினேன், வெளிவராத வேலைகளின் ப்ரூஃப்களை (சோதனை அச்சுகளை) அவர்களே பிரித்து எடுத்துவிட்டார்கள். இதில் சில விஷயம் கவனிக்க வேண்டும். செய்தித்தாளில் மரத்திலிருந்து வருகிற லிக்னின் என்ற பொருள் அதிகம், அதில் செய்த தாள் வெளிச்சத்தில் மஞ்சளாகிவிடும். பளபளப்பான பூச்சுத் தாளில் களிமண் போன்ற நிரப்பிகள் நிறைய, நார் குறைவு. லேசர் பிரிண்டான தாள் என்றால் டோனர் பிளாஸ்டிக் என்பதால் கரையாது, கறுப்புத் துணுக்குகளாக அப்படியே நிற்கும். அந்தத் துணுக்குகள் எனக்குப் பிடித்திருந்தன, அட்டைக்கு மட்டும் அந்தக் கூழை ஒதுக்கினேன். உள்பக்கங்களுக்கு வெள்ளைத் தாளோடு பருத்தி நார், அதாவது லின்டர், கலந்தேன். பழைய காகிதத்தின் நார் ஏற்கெனவே ஒருமுறை காய்ந்து இறுகியது, மிக்சியில் போட்டால் இன்னும் வெட்டுப்பட்டுக் குட்டையாகும், அதை மட்டும் நம்பினால் மடிக்கிற இடத்தில் தாள் விட்டுப்போகும். தொழில்முறையில் காகிதம் செய்கிறவர்கள் ஹாலந்தர் பீட்டர் வைத்திருப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வந்த இயந்திரம் அது, நாரை மிக்சி அளவுக்கு வெட்டாமல் நசுக்கிச் சிலிர்க்க வைக்கும். நம்மிடம் மிக்சிதான். கொஞ்சம் காகிதம், நிறையத் தண்ணீர், விட்டு விட்டு ஓட்டுவது.

கூழிலிருந்து தாள் எடுக்கிற சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலை கட்டிய சட்டம் மோல்ட், அதன்மேல் வைக்கிற வெற்றுச் சட்டம் டெக்கிள், தாளின் ஓரத்தைத் தீர்மானிப்பது இதுதான். ரெண்டையும் சேர்த்துப் பிடித்து வாளிக்குள் சாய்த்து இறக்கி, மட்டமாக மேலே தூக்கி, தண்ணீர் வடிவதற்குள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் லேசாக ஆட்ட வேண்டும். நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்வது அந்தச் சில நொடிகளில்தான். ஆலைக் காகிதத்தில் நார்கள் ஓடுகிற வலையின் திசையில் அதிகம் படுத்துவிடுவதால் ஒரு பக்கம் சுலபமாக மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். கைத்தாளில் இந்தத் தொல்லை குறைவு. பிறகு ஈரத்துணிமேல் மோல்டைக் கவிழ்த்து, ஓரத்திலிருந்து உருட்டுகிற மாதிரி அழுத்தி எடுப்பதைக் கூச்சிங் என்கிறார்கள். துணியில் சுருக்கம் இருந்தால் அப்படியே தாளில் பதியும்.

அழுத்திப் பிழிந்த தாள்களைச் சிலவற்றைக் கொடியில் போட்டேன், சிலவற்றைக் கண்ணாடிமேல் ஒட்டிக் காயவிட்டேன். கொடியில் காய்ந்தவை பார்க்க உயிரோட்டமாக இருந்தாலும் ஸ்கிரீன் பிரிண்டுக்குச் சரிப்படவில்லை, அலையலையாக இருந்தால் ஸ்கிரீன் மட்டமாக உட்காராது. கண்ணாடியில் காய்ந்த முகம் மழமழப்பு. அந்தப் பக்கத்தில்தான் அச்சு.

சைசிங் என்று ஒன்று இருக்கிறது, தாள் மையை உறிஞ்சாமல் இருக்கப் பூசுவது. அதைச் செய்யாவிட்டால் வெறும் தாள் மையை உறிஞ்சும். ஜெலட்டினை வெந்நீரில் மெல்லியதாகக் கரைத்துக் காய்ந்த தாள்மேல் பூசி மறுபடி காயவைத்தேன். ஸ்கிரீன் பிரிண்ட் மை கெட்டியானது, அதற்கு சைசிங் கட்டாயம் இல்லை. ஆனால் புத்தகத்தில் கையால் எழுதுகிற பக்கங்களும் இருந்தன.

புள்ளிதான் கடைசியாக வந்த பெரிய விஷயம். சொரசொரத் தாளில் 9 பாயின்ட் எழுத்தை அடித்துப் பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளிகள் பல இடங்களில் விழவே இல்லை, தாளின் பள்ளத்தில் மை எட்டவில்லை. மயிரிழைக் கோடு உள்ள எழுத்துருக்களில் சுழிகளும் உடைந்தன. திரையில் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தடிப்பும் மெலிவும் அதிகம் வேறுபடாத எழுத்துருவுக்கு மாறி, 14 பாயின்டுக்கு ஏற்றி, புள்ளியை மட்டும் தனியாகக் கொஞ்சம் பெரிதாக்கினேன். மறுநாள் மாதிரித் தாளை அக்காவிடம் நீட்டினேன். வழக்கமான கேள்வி வரவில்லை. தாளைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ளிய நீயே பெருசாக்கினியா?" என்றார்.

போர்ட்ஃபோலியோவுக்கு இதை ஸ்கேன் செய்யாதீர்கள், தட்டையாகிவிடும். ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்தால் நார் தெரியும். நேரில் போகும்போது ரெண்டு தாளைக் கையோடு எடுத்துப் போங்கள், தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். அப்புறம், மிச்சமான கூழைத் தயவுசெய்து சிங்க்கில் கொட்ட வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டிப் பிழிந்து உருண்டையாகக் காயவைத்தால் எப்போது வேண்டுமானாலும் ஊறவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.