பதினாறு வயதில் துணையின்றி ஒரு விமானப் பயணம்

முதன்முறையாக விமான நிலையத்துக்குத் தனியே செல்லும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தவறாமல் சொல்லி அனுப்பும் வார்த்தை, "கூட்டம் எங்கே போகிறதோ அங்கேயே போ" என்பதுதான். பதினாறு வயதில், இடையில் ஓரிடத்தில் விமானம் மாறி, வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடம் போய்ச் சேர்ந்த அனுபவத்துக்குப் பிறகு, அந்த அறிவுரையை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே விமானத்திலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஊருக்குள் போகிறவர்களாகவும் மீதிப் பேர் வேறு வேறு விமானங்களைப் பிடிக்க ஓடுகிறவர்களாகவும் இருப்பார்கள். அவர்களில் யாருடைய முதுகைப் பார்த்து நடப்பது? கையிலிருக்கும் போர்டிங் பாஸையும் தலைக்கு மேலே தொங்கும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்ததுதான் எனக்கு உதவியது.

பயணச்சீட்டு எடுக்கும்போதே வயது பற்றிய கேள்வி எழுந்தது. தனியே அனுப்பப்படும் சிறு குழந்தைகளைப் பணியாளர் ஒருவர் பொறுப்பேற்று அழைத்துச் சென்று, மறுமுனையில் உரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும் சேவை பெரும்பாலான விமான நிறுவனங்களில் உண்டு. பல நிறுவனங்கள் 12 வயதாகிவிட்டால் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. பெற்றோர் விரும்பினால் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். நாங்கள் அதை எடுக்கவில்லை. ஆனால் 18 வயது நிறையாதவர் பெற்றோரில்லாமல் எல்லை கடக்கும்போது சில நாடுகள் ஒப்புதல் கடிதம் கேட்கும் என்று அறிந்து, அம்மாவும் அப்பாவும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை, அவர்களுடைய பாஸ்போர்ட் நகல்களுடனும் அக்காவின் முகவரி, தொலைபேசி எண்களுடனும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோனேன். அந்த உறையைப் பெட்டிக்குள் வைக்காமல் தோள்பையின் வெளிப்பக்க அறையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதைச் செக்-இன் கவுன்டரிலும் கேட்டார்கள், குடிவரவு அதிகாரியும் கேட்டார்.

கவுன்டரில் பெட்டியை எடை போட்டு, கைப்பிடியில் நீண்ட பட்டையொன்றைச் சுற்றி ஒட்டினார்கள். அதில் பெரிதாக அச்சாகியிருந்த மூன்றெழுத்துக் குறி, பெட்டி கடைசியாக எந்த விமான நிலையத்துக்குப் போகிறது என்பதைக் காட்டுவது. நான் விமானம் மாறவேண்டிய ஊரின் குறி அங்கே இருந்திருந்தால், பெட்டியை அங்கே எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருந்திருக்கும். இரண்டு விமானங்களும் ஒரே பதிவில் இருந்தால் பெரும்பாலும் பெட்டி நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும் என்றாலும், அமெரிக்காவுக்குள் நுழைபவர்கள் பொதுவாக முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும் என்பதுபோல விதிவிலக்குகளும் உண்டு. ஆகவே, "இந்தப் பெட்டி எதுவரைக்கும் போகும்?" என்று வாய்விட்டுக் கேட்பதே மேல். அந்தப் பட்டையின் கிழித்துத் தரும் துண்டில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். பெட்டி வராமல்போனால் தேடுவதற்கு அந்த எண்தான் ஆதாரம் என்பதால், போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தந்த அந்தத் துண்டை அங்கேயே நின்று செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

குடிவரவு அதிகாரி எங்கே போகிறாய், யார் அழைத்துக்கொள்வார்கள், எப்போது திரும்புவாய் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, காகிதத்தைக் கேட்டபோது நீட்டினால் போதும். பதற்றத்தில் வீட்டுக் கதை முழுவதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை.

பாதுகாப்புச் சோதனையில் என்னைவிட என் பைதான் அதிகக் கவனத்தைப் பெற்றது. 2006 ஆம் ஆண்டில் திரவ வெடிபொருள் சதியொன்று கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, கைப்பையில் கொண்டுபோகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டர் கொள்ளளவுக்கு மேற்படாத கலத்தில் இருக்கவேண்டும் என்ற விதி பெரும்பாலான நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. பாதி தீர்ந்துபோன 200 மில்லிலிட்டர் ஷாம்பு புட்டியும் அந்த விதிப்படி செல்லாது. கணக்கில் எடுத்துக்கொள்வது புட்டியின் அளவைத்தான். புதிய வகை ஸ்கேனர்கள் வைத்திருக்கும் சில விமான நிலையங்கள் இதைத் தளர்த்தியிருந்தாலும், மாறிச் செல்லும் இடத்திலும் தளர்வு இருக்கும் என்று நம்பிக் கொண்டுபோவது வீண். பவர் பேங்க் இதற்கு நேர்மாறானது: அதைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் பகுதியில் பணிப்பெண்கள் கண்டு அணைக்க வழியுண்டு, கீழே சரக்கறையில் இல்லை என்பதே காரணம். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு, 3.7 வோல்ட் கணக்கில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணிதான் என்பதால் என்னுடையது தடையின்றிப் போயிற்று. மடிக்கணினியை வெளியே எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். கடந்து முடிந்ததும் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், செல்பேசி மூன்றும் கைக்கு வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே காலணி மாட்டிக்கொண்டேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது, முணுமுணுக்கட்டும்.

அதன்பிறகு காத்திருக்கும் நேரம். இங்கே நினைவில் வைக்கவேண்டியது, போர்டிங் பாஸில் தடித்த எழுத்தில் இருப்பது பெரும்பாலும் விமானத்தில் ஏறத் தொடங்கும் நேரம் என்பது. புறப்படும் நேரத்துக்கு 15 அல்லது 20 நிமிடங்களுக்கு முன்பே, விமானத்தில் ஏறும் வாசலான கேட்டை மூடிவிடுவார்கள். பெரிய நிலையங்களில் சில கேட்டுகளுக்கு நடந்தே கால்மணி நேரம் ஆகும். ஆதலால் நான் முதலில் கேட்டைப் போய்க் கண்டுவிட்டு, பிறகுதான் கழிப்பறைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் போனேன். சோதனைக்கு முன் காலிசெய்த புட்டியை அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

விமானம் மாறும் இடம்தான் உண்மையான பரீட்சை. முதல் விமானம் தரையிறங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அரைத்தூக்கத்தில் இருந்த எனக்கும் அவர்களோடு போய்விடத்தான் தோன்றியது. நடைபாதையின் முடிவில் பலகை இரண்டாகப் பிரிந்தது: ஒரு பக்கம் வருகையும் பெட்டி எடுக்குமிடமும், மறுபக்கம் டிரான்ஸ்ஃபர். என் பக்கத்து இருக்கையில் இருந்து வழியெல்லாம் அன்பாகப் பேசிவந்த மாமி, "வாம்மா, இந்தப் பக்கம்தான்" என்று வருகைப் பக்கம் கையைக் காட்டினார். அவருக்கு அது சரியான பக்கம், அவருடைய ஊர் அது. நான் போயிருந்தால் விசா இல்லாமல் குடிவரவு வரிசையில் நின்று, நிலைமையை விளக்கித் திரும்பி வருவதற்குள் நேரம் கரைந்திருக்கும்.

டிரான்ஸ்ஃபர் பக்கத்தில் இன்னொரு பாதுகாப்புச் சோதனை இருந்தது. நிரப்பிய புட்டியை அங்கே மறுபடியும் காலிசெய்ய வேண்டியதாயிற்று. அடுத்த போர்டிங் பாஸில் கேட் எண் அச்சாகவே இல்லை. அது பிழையன்று, பல மணி நேரத்துக்கு முன்பே அச்சிடும்போது கேட் முடிவாகியிருப்பதில்லை. புறப்பாட்டுப் பலகையில் ஊரின் பெயரைத் தேடுவதைவிட விமான எண்ணைத் தேடுவது பாதுகாப்பானது, ஏனென்றால் ஒரே ஊருக்கு ஒரு மணி நேர இடைவெளியில் வேறு விமானமும் இருக்கலாம். ஒரே விமானமே இரண்டு நிறுவனங்களின் எண்களில் மாறி மாறிக் காட்டப்படுவதும் உண்டு. எண்ணைப் பார்த்தேன், கேட்டைக் குறித்துக்கொண்டேன். அங்கே போய் உட்கார்ந்த பிறகும் அவ்வப்போது பலகையைப் பார்த்தேன். அப்படிப் பார்த்தபோதுதான் கேட் மாறியிருந்தது தெரிந்தது. அறிவிப்பு ஏதேனும் ஒலித்திருந்தால் அது இரைச்சலில் என் காதில் விழவில்லை.

நேரத்தைப் பற்றி ஒன்று. பயணச்சீட்டில் இருப்பவை அனைத்தும் அந்தந்த ஊரின் நேரம். ஃபிளைட் மோடில் கிடந்த என் செல்பேசி, வைஃபையில் இணையும்வரை கிளம்பிய ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தையும் பலகையின் மூலையில் ஓடும் நேரத்தையும் நம்புவதே சரி.

வழி கேட்பதில் எனக்குக் கூச்சம் அதிகம். ஆயினும் சீருடையும் அடையாள அட்டையும் அணிந்தவரிடம் போர்டிங் பாஸை நீட்டினாலே போதும் என்று கண்டுகொண்டேன். மொழி பாதி புரியாவிட்டாலும் அவர்கள் விரல் காட்டும் திசை புரிந்துவிடும். ஓர் உதவி மேசையில் மட்டும், நான் சிறுபெண் என்பதாலோ என்னவோ, பின்னால் நின்றவருக்கு முதலில் பதில் சொன்னார்கள். நகராமல் நின்று மறுபடியும் கேட்டேன், சொன்னார்கள்.

சேருமிடத்தில் வேலை குறைவு. குடிவரவு முடிந்து, நம் விமான எண் காட்டும், பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டருகே நின்று, பெட்டி வந்ததும் படத்திலிருந்த எண்ணோடு ஒப்பிட்டு எடுத்துக்கொண்டேன். வராமல்போயிருந்தால் வெளியேறுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் பெட்டி மேசையில் எழுத்துமூலம் புகார் பதிந்து, குறிப்பு எண் வாங்கியிருக்க வேண்டும். தீர்வைக்குரிய பொருள் எதுவும் இல்லாததால் சுங்கத்தில் பச்சை வழி. வெளியேறும் கதவுகள் இரண்டு இருந்தன. எந்தக் கதவு என்று அக்காவும் நானும் முன்கூட்டியே பேசியிருக்கவில்லை. நிலையத்தின் வைஃபையில் செய்தி அனுப்பி, கதவின் எண்ணைச் சொல்லி, அவள் வரும்வரை உள்பக்கமாகவே நின்றேன்.