ஒவ்வொரு தடவையும் வேறு காரணம் சொல்லும் நீலத்திரை

விண்டோஸ் கிராஷ் ஆகும்போது வரும் நீலத்திரையில் திங்கட்கிழமை 'மெமரி மேனேஜ்மென்ட்', புதன்கிழமை 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', நடுவில் ஒருநாள் பிரவுசர் மட்டும் தானாக மூடிக்கொள்கிறது. கிராஷ் விவரம் பதிவாகும் மினிடம்ப் கோப்புகளைத் திறந்தால் ஒன்று கிராபிக்ஸ் டிரைவரைக் கைகாட்டும், இன்னொன்று விண்டோஸின் மையமான கர்னலையே. டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறும். காரணம் தடவைக்குத் தடவை மாறுகிறதென்றால் ரேமைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ரேமில் கெட்டுப்போன பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு) ஓரிடத்தில் அசையாமல் கிடக்கிறது. அன்றைக்கு அங்கே எந்த புரோகிராம் வந்து உட்கார்கிறதோ அது விழுகிறது.

இந்த நிலையில் ஃபார்மட் போடுவதைப் போல மோசமான யோசனை இல்லை. விண்டோஸ் நிறுவும்போது கோப்புகள் எல்லாம் ரேமுக்குள் விரிந்துதான் டிஸ்க்குக்குப் போகின்றன. பழுதான ரேமில் இன்ஸ்டலேஷன் பாதியில் நின்றால் அதிர்ஷ்டம். நிற்காமல் முடிந்தால் கெட்டுப்போன கோப்புகளோடு புது விண்டோஸ் கிடைக்கும். பேக்கப்புக்கும் இதே கதிதான். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி நகலெடுப்பதே சரி.

விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக், முதல் வடிகட்டலுக்குப் போதும். எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' தேர்ந்தெடுக்காவிட்டால் நிறைய தப்பிவிடும். உருப்படியான சோதனை மெம்டெஸ்ட்86+. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) மெஷின்களிலும் ஓடுகிறது. பென் டிரைவிலிருந்து பூட் செய்ய பெரும்பாலும் செக்யூர் பூட்டை (அங்கீகாரமில்லாத மென்பொருளைப் பூட் ஆகவிடாத காவல்) அணைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரைச் சஸ்பெண்ட் செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். பல லேப்டாப்களில் பிட்லாக்கர் போட்டிருப்பதே உரியவருக்குத் தெரியாது.

ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பான எக்ஸ்எம்பியை முதலிலேயே அணைத்துவிடாதீர்கள். கிராஷ் ஆகும் அதே அமைப்பில்தான் முதல் சோதனை. குறைந்தது நான்கு சுற்று, அதாவது ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் தோல்விதான்; 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. எரர் வந்தபிறகு எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். 1.35 வோல்ட்டில் 3200 வேகத்தில் ஓடிய டிடிஆர்4 (நான்காம் தலைமுறை) ரேம் ஸ்டிக், 1.2 வோல்ட்டில் அதன் இயல்பான வேகத்துக்கு இறங்கியதும் சுத்தமாகிவிட்டால், ஸ்டிக் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாம். அந்த வேகத்தை மதர்போர்டோ ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரோ தாங்காமலிருக்கலாம், நான்கு ஸ்லாட்டும் நிரம்பிய மெஷினில் குறிப்பாக.

திரையில் சிவப்பு வரிகள் வந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு முகவரியையும் பிட்டையும் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் அதே பிட் மாறியிருந்தால் சிப்பில் அந்தப் பிட்டைச் சேமிக்கும் செல் போய்விட்டது. முகவரி எங்கெங்கோ சிதறி, பிட் மட்டும் அதே பிட் என்றால் ஸ்லாட், தங்கப்பூச்சு முனை, ப்ராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின் என்று அந்தப் பிட் வந்துபோகும் டேட்டா லைனைத் தேட வேண்டும். இரண்டும் சிதறினால் வோல்டேஜ், டைமிங், மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

அடுத்து ஒற்றை ஸ்டிக் சோதனை. எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே கை வையுங்கள். ஸ்டிக்குகளுக்கு டேப் ஒட்டி 1, 2 என்று எழுதுங்கள். எழுதாமல் தொடங்கினால் மூன்றாவது மாற்றத்தில் எது எதுவென்று நிச்சயம் குழம்பும். நான்கு ஸ்லாட் போர்டுகள் பலவற்றில் ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதில் ஒற்றை ஸ்டிக் போட வேண்டும். முதலில் 1, பிறகு அதே ஸ்லாட்டில் 2. தேறிய ஸ்டிக்கை நான்காவது ஸ்லாட்டில் வைத்து இன்னொரு முறை. எரர் ஸ்டிக்கோடு போகிறதா, ஸ்லாட்டோடு தங்குகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

ரப்பரால் முனையைத் தேய்ப்பது நம் சர்வீஸ் கடைகளின் தேசிய வழக்கம். பலன் உண்டு. ஆனால் தங்கப்பூச்சு மெல்லியது, ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியே மேல். தேய்த்ததும் எரர் மறைந்தால், கழற்றி மாட்டியதாலேயே சரியாகியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ராத்திரி முழுக்க ஓடி ஒரு எரர்கூட வராவிட்டால் ரேமுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினட் குளிர்ந்திருக்கும். சூடு ஏற ஏற ரேம் செல்லின் மின்னூட்டம் சீக்கிரம் கசியும். டிடிஆர்4 செல்லை வழக்கமாக 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 32-க்கு ஒருமுறை வேண்டும். கேம் ஓடும்போது மட்டும் விழும் மெஷினை அந்தச் சூட்டிலேயே சோதிக்க வேண்டும். டிடிஆர்5 சிப்புக்குள் தானே பிழை திருத்துமே என்பார்கள். அது சிப்புக்குள் மட்டும், ப்ராசஸருக்கு வரும் வழியில் நடப்பதற்குப் பொறுப்பில்லை.

லினக்ஸில் கெட்ட முகவரியை மட்டும் கர்னல் அளபுருவால் (பூட்டின்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு) ஒதுக்கிவைக்கலாம், விண்டோஸிலும் வழி இருக்கிறது. சோதனை மெஷினுக்குச் சரி, கணக்கு எழுதும் மெஷினுக்குக் கூடாது.

புது ஸ்டிக் வந்ததும் அதையும் நான்கு சுற்று ஓட்டியே ஒப்படையுங்கள். பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும். வாடிக்கையாளரின் எக்செலையும் போட்டோக்களையும் அது தொடாது. ரேம் கெட்டிருந்த நாட்களில் சேமித்தவற்றை அவரே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.