பார்க்கின்சன் ஆய்வு ஒன்றில் இடம் கிடைத்த விதம்

பார்க்கின்சன் என்று உறுதியான அன்று நரம்பியல் மருத்துவர் மாத்திரை, உடற்பயிற்சி, அடுத்து வரவேண்டிய தேதி எல்லாம் சொன்னார். ஆய்வுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. நானாகத்தான் கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ் தளத்தில் தேடினேன். 2000ஆம் ஆண்டு முதல் இருக்கும் அமெரிக்க அரசின் பதிவேடு அது. பிற நாடுகளில் நடக்கும் ஆய்வுகளும் அதில் உண்டு. நோயின் பெயரைத் தட்டினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுகளை மட்டும் வடிகட்டிவிட்டு, நேராகத் தகுதி விதிகளைப் படியுங்கள். நமக்கு இடம் உண்டா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

நோயின் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்கும் மருந்து ஆய்வுகள் பலவற்றுக்கு, நோய் தெரிந்து கொஞ்ச காலமே ஆனவர்கள், அதுவும் பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தரும் மருந்தான லெவோடோபாவைத் தொடங்காதவர்கள்தான் வேண்டும். லெவோடோபா அறிகுறிகளை அடக்கிவிடும். அப்புறம் புது மருந்து என்ன செய்தது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நியாயமான காரணம்தான். ஆனால் எனக்குக் கையெழுத்தே போட வராத நிலை, மாத்திரை தொடங்கியாகிவிட்டது. ஆய்வுக்காக மாத்திரையைத் தள்ளிப்போடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். இப்படி ஒரு வாசல் இருக்கிறது, சீக்கிரம் மூடிவிடும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் உண்டு.

சரி, எனக்குப் பொருந்தியது மருந்து எதுவும் தராமல் நோயின் போக்கை மட்டும் பதிவு செய்யும் ஆய்வு. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். 2010இல் தொடங்கிய பிபிஎம்ஐ என்ற பெரிய பார்க்கின்சன் ஆய்வு இந்த வகைதான். முதுகுத்தண்டு நீரில், பார்க்கின்சனோடு தொடர்புள்ள ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்தின் கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனை பற்றி 2023இல் வெளியான முடிவுகள், அதில் சேர்ந்தவர்கள் கொடுத்த மாதிரிகளிலிருந்து வந்தவை.

முதலில் தொலைபேசியில் கேள்விகள்: வயது, மருந்துகள், மூளையில் அறுவை சிகிச்சை நடந்ததா, வாசனை தெரிகிறதா. அப்புறம் ஒப்புதல் படிவம். வீட்டுக்குக் கொண்டுபோய் மகளோடு உட்கார்ந்து படித்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்காது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். இருந்தது. பரிசோதனை நாளில்தான் சிரமம். முந்தைய இரவிலிருந்து மாத்திரை கூடாது என்றார்கள். விரலைத் தட்டு, எழுந்து நட என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும்போது உடம்பு மரக்கட்டைபோல் இருந்தது. துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள்.

சோதனை முடிவுகளை என்னிடம் தருவீர்களா என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன். சிலவற்றைத் தருவோம், சிலவற்றைத் தர மாட்டோம் என்றார். எது எது என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டேன்.