ஒரு டெஸ்ட்கூட ஆடாத 35 சதக்காரர்

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ரன் சமமாகி முடித்த சேப்பாக்கம் 'டை' டெஸ்ட் பற்றிப் பேச்சு வந்தால் போதும், 1986-ல் அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வோம். அதே ஜோன்ஸோடு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அணிக்கு ஆடிய ஜேமி சிடன்ஸ் என்றால், நம்ம ஊரில் "யாருப்பா அது?" என்பார்கள்.

1984-85-ல் தொடங்கி 1999-2000 வரை ஆடியவர். முதல்தரக் கிரிக்கெட்டில் 11,587 ரன், 35 சதம், சராசரி ஏறக்குறைய 45. டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. 1988-ல் லாகூரில் ஒரே ஒரு ஒருநாள் போட்டி, அவ்வளவுதான்.

'லக் இல்லாதவர்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு முன்னால் நின்ற வரிசையைப் பாருங்கள்: பார்டர், பூன், ஜோன்ஸ், ஸ்டீவ் வா, மார்க் வா சகோதரர்கள், அப்புறம் மார்ட்டின், லேமன், பெவன். ஆஸ்திரேலிய மாநிலங்கள் மோதும் ஷெஃபீல்ட் ஷீல்டில் இருப்பதே ஆறு மாநிலங்கள்தான், ரஞ்சி மாதிரி சோப்ளாங்கி அணியைப் பிடித்து 200 அடிக்க முடியாது. அங்கே எடுத்த ரன் எதுவும் மலிவாக வந்ததில்லை.

பிறகு தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய் கேப்டனானார். 1995-96 ஷீல்ட் இறுதிப் போட்டி, அடிலெய்டில், மேற்கு ஆஸ்திரேலியாவோடு. புள்ளிப் பட்டியலில் முதலிடம் என்பதால் டிரா செய்தாலே கோப்பை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது, கடைசி ஜோடி பீட்டர் மெக்கின்டயரும் ஷேன் ஜார்ஜும், இரண்டு பேருமே பவுலர்கள், அவுட் ஆகாமல் கட்டையைப் போட்டு ஆட்டத்தை முடித்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு இது எந்த டெஸ்டுக்கும் குறைந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நமக்கும் ஒருவர் இருக்கிறார், இடதுகை எஸ். சரத். தமிழ்நாட்டுக்கு நூறு ரஞ்சி ஆட்டங்களுக்கு மேல் ஆடி, சராசரி 50-ஐத் தாண்டியும், டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லக்ஷ்மண் இருந்த காலத்தில் எங்கே போய் நுழைவது? 2023-ல் இந்திய அணியின் சீனியர் தேர்வுக் குழுவில் உறுப்பினராக வந்தார்.

சிடன்ஸ் பயிற்சியாளராகி 2007-லிருந்து 2011 வரை வங்கதேச அணியைப் பார்த்துக்கொண்டார். 2009-ல் வெஸ்ட் இண்டீஸ் போய் டெஸ்ட் தொடரை 2-0 என ஜெயித்தது அவர் காலத்தில்தான். எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் சம்பளத் தகராறில் ஆட வரவில்லை என்பது வேறு விஷயம்.