குதிகாலில் தெரிந்த சேதி

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மூக்கில் குழாயும் யூரின் பையுமாகப் பெருந்துறை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். எனக்குக் கோயமுத்தூரில் வேலை, தம்பிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. அவசரத்தில் ஒரு ஹோம் கேர் ஏஜென்சியைப் பிடித்தோம். நாங்கள் விசாரித்ததெல்லாம் இரண்டே கேள்விதான்: மாசம் எவ்வளவு, ஆள் எப்போது வரும். "24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க" என்றார்கள். அந்த வார்த்தையில் விழுந்தோம்.

வந்த பெண்ணின் சார்ட் அவ்வளவு அழகு. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைத்தது, கஞ்சி ஊற்றியது, யூரின் அளவு எல்லாம் வரிசையாக இருக்கும். சனிக்கிழமை போனால் அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக பஸ் ஏறுவேன்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். சார்ட்டைத் தொடவே இல்லை. போர்வையை விலக்கி நேராகக் குதிகாலைப் பார்த்தார். சிவந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் ஒரு நொடி வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லையாம். அம்மாவுக்கு வெளுக்கவே இல்லை. கறுத்த தோலில் இது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

"படுக்கைப்புண் ஆரம்பிக்குதுங்க. புரட்டறாங்களா?"

"ஏர் பெட் போட்டிருக்கோமே" என்றேன். ஏர் பெட் போட்டாலும் புரட்டத்தான் வேண்டுமாம். சரி என்று சார்ட்டை நீட்டினேன். இரவு 12, 2, 4 மணி எல்லாம் ஒரே மை, ஒரே சீர். "தூக்கக் கலக்கத்துல இவ்வளவு அழகா எழுத வருமாங்க?" என்று சிரித்தார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தூக்கி நிறுத்தக் காட்டினார். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாதாம். தேய்க்கச் சொன்னதே நான்தான்.

அந்தப் பெண்ணைச் சத்தம் போடப் போனேன். "பகலும் நானு, ராத்திரியும் நானு. எப்பங்க்கா தூங்கறது?" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

அப்புறம் நாலு இடத்தில் விசாரித்தேன். இந்தத் தடவை ஒரே கேள்வி: ராத்திரி யார் புரட்டுவார்கள்? மூன்று இடத்தில் "அதெல்லாம் பாத்துக்குவாங்க" என்றார்கள். ஒரு இடத்தில் மட்டும், "ஒரு ஆளால முடியாதுங்க. ராத்திரிக்கு வேற ஆள் போடணும், இல்லாட்டி வீட்டுல யாராச்சும் பங்கெடுத்துக்கணும்" என்றார்கள். அவர்களைத்தான் பிடித்தோம். இரண்டு ஆளுக்குக் காசு கட்டுப்படியாகாததால் 10 மணியும் 12 மணியும் தம்பி தலையில் விழுந்தது. புது அக்கா 9 மணிக்கே படுத்து 2 மணிக்கு எழுந்துகொள்வார்.

முதல் இரண்டு நாள் லீவு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். ஊற்றி முடித்து அரை மணி நேரம் இறக்கவில்லை. புரட்டும்போது யூரின் பையைக் கட்டில் மேல் போடாமல் கீழேயே தொங்கவிட்டார். குழாய் மாற்றத் தெரியுமா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "அது எனக்குத் தெரியாதுங்க, நர்ஸுதான் வரணும்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை நம்பலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும், "ஆத்தா, அந்தப் பக்கம் திரும்பிக்கலாமா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். பேச முடியாத அம்மா, இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துத் தானும் கொஞ்சம் எக்கிக் கொடுத்தாள். பழைய பெண் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு புரட்டும்போது அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இப்போதைய சார்ட்டில் அடித்தல் திருத்தல், மேலே கஞ்சிக் கறை. போன வாரம் ஒரு வரி இருந்தது: "4 மணிக்கு தூங்கிட்டேன். 4.40க்கு புரட்டினேன்." போர்வையை விலக்கிக் குதிகாலை அழுத்திப் பார்த்தேன். வெளுத்துச் சிவந்தது.